விருப்ப வரிசை

விலங்கியலில் பி.எஸ்சி. முடிக்கப்போகிற பெண்ணிடம் "அடுத்து என்ன?" என்று கேட்பவர்கள் யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. பதிலை அவர்களே கையோடு கொண்டுவந்திருப்பார்கள். பி.எட். போடு, டீச்சருக்கு எப்போதும் மரியாதை உண்டு என்பார் ஒருவர். லேப் டெக்னீசியன் படித்தால் ரத்தம் எடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம் என்பார் அடுத்தவர். மைக்ரோபயாலஜி, பயோடெக் என்று நாம் ஏதாவது சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "அதுக்கு மாப்பிள்ளை எங்க தேடறது?" என்று அம்மா பக்கம் திரும்பிவிடுவார்கள். என் அப்பா மட்டும்தான் கொஞ்சம் யோசித்துக் கேட்டார்.

"எம்.எஸ்சி.க்கு மேல இன்னா கீது?"

"பி.எச்டி."

"அதுக்கு மேல?"

"ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப அது வரைக்கும் போனவங்கல்லாம் இன்னா பண்ணிக்கினு கீறாங்க?"

நியாயமான கேள்வி. அன்று எனக்குப் பதில் தெரியாது. இன்றும் அரைகுறைதான். ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற பழக்கம் அந்த வயதில் எனக்குக் கிடையாது. ஆராய்ச்சி, விஞ்ஞானி என்று ஏதோ அளந்துவிட்டேன். அப்பாவும் நம்பினார். நான் சொன்னால் நம்புகிறவர்கள் எனக்கு எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள், அதுதான் பேஜாரு.

எங்கள் ஊருக்குத் திண்டிவனம் பக்கம் ஒலக்கூரிலிருந்து உள்ளே போக வேண்டும். எங்களுக்கு நிலம் உண்டு. நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுவோம். என் தோழி அதே ஊரின் காலனியில் இருந்தாள். அவளுடைய அப்பா ஊரில் எல்லார் நிலத்துக்கும் கூலிக்குப் போவார், எங்கள் நிலத்துக்கும் வருவார். எனக்கும் அவளுக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், பிறகு திண்டிவனத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. நாள் முழுக்க ஒன்றாகத்தான் சுற்றுவோம். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவாள். அங்கேயே நில் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

படிப்பில் எனக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மூன்றாம் ஆண்டில் ஒரு செய்முறை வகுப்பு. தேங்கிய தண்ணீரில் நெளிகிற சிவப்புப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, அதிலுள்ள குரோமோசோமைப் பார்க்க வேண்டும். புழு நூல் கனம்தான் இருக்கும். தலையை ஓர் ஊசியாலும் உடம்பை இன்னோர் ஊசியாலும் பிடித்து இழுத்தால் சுரப்பி தலையோடு வர வேண்டும். எங்களுக்கு வந்ததெல்லாம் குடல். அவள் முதல் புழுவிலேயே எடுத்துவிட்டாள். எடுத்ததோடு இல்லாமல் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. "ஏய், ஜல்தி பாருடி, நாங்களும் பாக்க வேணாமா?" என்று பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். குரோமோசோம் பட்டை பட்டையாகத் தெரியும், நடுவில் சில இடங்கள் உப்பியிருக்கும். அந்த இடம் மட்டும் ஏன் உப்புகிறது, அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பஸ் வரும்வரை என்னை நச்சரித்தாள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் அதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "இதப் பத்தி மட்டும் படிக்கிற எடம் எங்கனா இருக்குமாடி?" என்றாள்.

இருந்தது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் உயிரியல் எம்.எஸ்சி. படிப்புகளுக்குச் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வு நடக்கிறது என்று துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் மூலக்கூறு உயிரியல், ஹைதராபாத்தில் மரபணுவியல், புனேயில் உயிர்த்தொழில்நுட்பம், பக்கத்தில் புதுச்சேரியில் பொது விலங்கியல். வகுப்பில் நாங்கள் இருவர்தான் எழுதினோம். மற்றவர்கள் பி.எட்.டுக்கும் கல்யாணத்துக்கும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். முடிவு வந்ததும் அவளுடைய ரேங்க்கைத் துறைத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை பார்த்தார். என்னுடையதை ஒரு தடவை பார்த்ததோடு சரி.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த இடம் முதலில் வேண்டும், எது அடுத்து என்று ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் விருப்ப வரிசை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம், நான், அவள், அவளுடைய அப்பா. அப்பாவுக்கு நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. அவள் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். பெங்களூர் முதலில், ஹைதராபாத் இரண்டாவது, புனே மூன்றாவது, புதுச்சேரி கடைசி. நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது தப்பு, தலைகீழாகப் போட வேண்டும் என்று சொன்னேன்.

ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. நாங்கள் பி.எஸ்சி. சேர்ந்தபோது கலந்தாய்வு நேரில் நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேசை முன்னால் போய் நின்று பாடத்தைக் கேட்க வேண்டும். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண் வேதியியல் கேட்டாள். முடிந்துவிட்டது என்றார்கள். வேறு என்ன வேண்டும் என்று சட்டென்று சொல்லத் தெரியாமல் விழித்தாள். "தள்ளி நின்னு யோசிச்சிட்டு வாம்மா" என்று அனுப்பினார்கள். அவள் யோசித்து முடித்துத் திரும்பி வருவதற்குள் விலங்கியலையும் எங்களுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார்கள். அவள் அழுதுகொண்டே போனதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். போதாக்குறைக்கு, திங்கட்கிழமைகளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தே என் அப்பா கற்றுக்கொண்ட பாடம் வேறு. ரோடு வேண்டும் என்று எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார்கள், ரோட்டில் இருக்கும் பள்ளத்தை மூட வேண்டும் என்று எழுதினால் ஆள் வரும் என்பார். இரண்டையும் கூட்டிக் கழித்து நான் ஒரு கொள்கையே வைத்திருந்தேன். பெரியதை முதலில் கேட்டு, அது இல்லை என்று ஆவதற்குள் சின்னதும் கைவிட்டுப் போய்விடும். ஆகவே கட்டாயம் கிடைக்கிற இடத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

"மொதல்ல புதுச்சேரியப் போடு. அது உறுதியா வந்துரும். பெங்களூரு கடைசில இருக்கட்டும், வந்தா வருது," என்றேன்.

"கம்ப்யூட்டர்தான பாக்குது? அதுவும் தள்ளி நிக்கச் சொல்லுமா?" என்று கேட்டாள்.

அவள் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் சொன்ன பதிலும் ஞாபகம் இருக்கிறது.

"கம்ப்யூட்டருக்கு சொல்லிக் குடுத்தது ஆளுதான? அன்னிக்கி அந்தப் பொண்ணு அழுதுக்கினு போச்சே, பாத்த இல்ல?"

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பாப்பா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்," என்றார். "இருக்கறதும் கைய வுட்டு பூட்டா இன்னாங்க பண்றது?"

அவருடைய மகளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளை 'டி' போட்டுக் கூப்பிடுகிறவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசினார். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் வீட்டில் யாராவது ஒருவர் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். எப்படிப் பேசுவார்கள்? மறுவாரம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க வேண்டியவர் அவர்.

"சரி, உன் கையாலயே போடு," என்று அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். போட்டேன். என் விண்ணப்பத்திலும் அதே வரிசையைத்தான் போட்டேன். வஞ்சகம் ஒன்றும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முட்டாள்தனம் மட்டும்தான்.

அவளுக்குப் புதுச்சேரி கிடைத்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டது என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. அவளுடைய அம்மா மல்லாட்டை உருண்டை பிடித்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். என் அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்தாள், தொடவில்லை. முழுக்க நான்தான் தின்றேன். எனக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. என் ரேங்க்குக்கு எப்படிப் போட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. சேர்ந்துகொண்டேன்.

அந்த மாதக் கடைசியில், எல்லா இடங்களும் நிரம்பிய பிறகு, எந்தெந்தப் படிப்புக்குக் கடைசியாக எந்த ரேங்க்வரை எடுத்தார்கள் என்ற பட்டியல் வந்தது. நான் விழுப்புரத்தில் கல்லூரிக் கம்ப்யூட்டரில் சும்மா திறந்து பார்த்தேன். பெங்களூரில் மூலக்கூறு உயிரியலுக்குக் கடைசியாக எடுத்த ரேங்க், என் தோழியின் ரேங்க்குக்கு எவ்வளவோ பின்னால் இருந்தது. அதற்குப் பிறகுதான் விதிமுறைகளைப் படித்தேன். முதலில் படிக்க வேண்டியதைக் கடைசியில் படிக்கிற மேதாவி நான். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போகும். முதலில் எழுதிய இடம் உன் ரேங்க்குக்கு உண்டென்றால் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால்தான் அடுத்ததைப் பார்க்கும். பெரியதைக் கேட்டுப் பார்த்ததற்காகச் சின்னதைப் பிடுங்கிக்கொள்ளாது. யாரையும் தள்ளி நிற்கச் சொல்லாது. முதல் விருப்பமே கிடைத்தவர்களுக்கு அடுத்த சுற்றில் இடம் மாறவும் வழியில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்டதே அதுதானே.

அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதல் வாரம் முழுக்க நினைத்தேன். இப்போது சொல்லி என்ன ஆகும், சேர்ந்தாயிற்று, பாவம் மனசு உடைந்துபோவாள் என்று இரண்டாவது வாரம் நினைத்தேன். அவள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். பயந்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அவள் அப்பா என்னை 'ங்க' போடாமல் கூப்பிட்டுவிடுவாரோ என்றும் பயம்.

வருடங்கள் ஓடின. அவள் தினமும் பஸ்ஸில் போய் வந்து எம்.எஸ்சி. முடித்தாள். ஆராய்ச்சிக்கு முயற்சி செய்யப்போகிறேன் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் பி.எட். போட்டாள். இப்போது திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறாள். நல்ல டீச்சர் என்று ஊரில் பெயர். அவள் கஷ்டப்படவில்லை, புலம்பவில்லை, கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்பாள். நான் கோட்டக்குப்பத்தைத் தாண்டிக் கடற்கரையோரமாக இருக்கிற ஓர் இறால் குஞ்சுப் பண்ணையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். குஞ்சுகளின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதில் நோய்க்கிருமி இருக்கிறதா என்று கருவியில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்ட வேலையின் தூரத்துச் சொந்தம் அது. அதை அவளிடம் பேசும்போது, "ஏதோ டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன்" என்று முடித்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"மத்தியானம் வீட்டுக்கு வா. என்கிட்ட படிச்ச பொண்ணு ஒண்ணு, நாம எழுதனோமே, அதே எக்ஸாம் எழுதிருக்குது. செம ரேங்க்கு. இன்னிக்கி அஞ்சு மணிக்குள்ள வரிசை போட்டு குடுக்கணும். நீ வந்து உன் கையால போட்டுக் குடு."

"நான் எதுக்கு? நீயே போடேன்."

"உன் கை ராசியான கைடி. எனக்கு மொதல்லயே கெடச்சிதே. வா, சும்மா பிகு பண்ணிக்காத."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். விதை போட, கடை திறக்க, முதல் மாதச் சம்பளம் வாங்க எல்லாவற்றுக்கும் ராசியான கை ஒன்றைத் தேடுவார்கள். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும்கூட, வேலை கிடைத்தவரின் பேனாவைக் கடன் கேட்பார்கள். என் கையைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் விக்கிரவாண்டியிலிருந்து வந்திருந்தாள். டோல்கேட்டுக்குப் பக்கத்தில் அவள் அப்பா டிபன் கடை வைத்திருக்கிறாராம். லேப்டாப்பைத் திறந்து வைத்து, நோட்டைப் பிரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். நோட்டில் முதல் வரி பெங்களூர்.

"இதெல்லாம் அப்படியே தலைகீழா மாத்து," என்றாள் என் தோழி. "சின்னத மொதல்ல போடணும். பெருச கடைசில."

"மேம், வீடியோல வேற மாரி சொன்னாங்களே," என்று அந்தப் பெண் இழுத்தாள்.

"வீடியோல சொன்னவன் வந்து சீட்டு வாங்கித் தருவானா? எனக்கு இந்த அக்காதான் போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் என் ஜூனியருங்க, காலனி பசங்க, ஸ்கூல்ல படிச்சவங்கன்னு வருசா வருசம் யாருக்காவது நான் போட்டுக் குடுத்துக்கினுதான் இருக்கேன். நான் போட்டுக் குடுத்த ஒருத்தருக்குக்கூட மொதல் விருப்பம் தவறுனதே இல்ல, தெரியுமா?"

ஒன்பது வருடமாக இதை எங்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். அவளுக்கு நான் செய்த தப்பு, எப்போதாவது ஒருநாள் சொல்லிவிட வேண்டிய தப்பு, அவ்வளவுதான் என்று. அவள் அதை என் பெயரைச் சொல்லியே ஊரெல்லாம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டும் பார்த்ததில்லை.

"மாத்தாத," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பெங்களூரே மொதல்ல இருக்கட்டும். நோட்டுல எழுதியிருக்கிற மாரியே போடு. அதான் சரி."

"இன்னாடி சொல்ற?" என்றாள் தோழி.

"நான் அன்னிக்கிப் போட்டது தப்பு. மேலருந்துதான் பாப்பாங்க. மொதல்ல இருக்கறது கெடச்சா அதோட நிறுத்திடுவாங்க. பெருச மொதல்ல போட்டா சின்னது எங்கயும் போவாது."

அவள் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"அந்த மாசமே."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விதிமுறைகள் எங்கே இருக்கின்றன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு, திறக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பிறகு அந்தப் பெண்ணின் நோட்டில் இருந்த வரிசையை அப்படியே ஏற்றினாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். சமர்ப்பித்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். "போய்ட்டு வாம்மா, பஸ்ஸு கெடைக்கும்," என்று வாசல்வரை போய் அனுப்பினாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேகமாக நடந்து போனாள்.

தோழி உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"எனக்கு எது வந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"பெங்களூரு. நல்லாவே வந்திருக்கும்."

"ம்."

எழுந்து போய் டீ போட்டாள். இரண்டு தம்ளர் கொண்டுவந்து, ஒன்றை என் பக்கம் வைத்தாள். தன்னுடையதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். மன்னிச்சிடு என்று நான் ஆரம்பித்தேன். அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. போனை எடுத்து, சேமித்து வைத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில பெயர்களில் நின்றாள்.

"இந்தப் பொண்ணு ஹைதராபாத் கேட்டுச்சி. நான்தான் வேணாம்னேன்," என்றாள். இன்னும் கொஞ்சம் தள்ளினாள். "இவன் புனேதான் வேணும்னு ஒரே புடிவாதம். திட்டி மாத்த வெச்சேன்."

"நான் பேசறேன் அவங்ககிட்ட. நான்தான் காரணம்னு நானே சொல்றேன்."

"சொல்லி? அவங்கல்லாம் எங்கெங்கயோ படிச்சி முடிச்சி, ஆளுக்கொரு வேலைல இருக்காங்க. எப்பப் பாத்தாலும் தேங்க்ஸ் மேம், தேங்க்ஸ் மேம்னு மெசேஜ் போடறாங்க." போனைக் கவிழ்த்து வைத்தாள். "இப்பப் போயி நான் அவங்ககிட்ட இன்னான்னு சொல்றது? என்னால முடியாது. சொல்லாமத்தான் இருக்கப் போறேன்."

அதுவரை பேசியதெல்லாம் நிதானமாகத்தான் பேசினாள். கடைசியாகக் கேட்டதையும் நிதானமாகவே கேட்டாள்.

"நீ ஒம்போது வருசம் என் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தியே, எப்படிடி இருந்த? அத மட்டும் சொல்லிக் குடு. இனிமே நான் அப்படி இருக்கணும்."